சுயாதீன சபையில் அங்கத்தினர் பட்டியல், மூப்பர் குழு அமைப்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

திருப்பூர்_விசுவாசி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் திருப்பூரில் ஒரு சுயாதீன பெந்தெகொஸ்தே சபை. பாஸ்டர் வீட்டில் ஜெபக்கூட்டமாக ஆரம்பித்தது, இப்போது ஒரு பழைய பனியன் குடோனை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறோம், ஞாயிற்றுக்கிழமை எழுபது குடும்பத்துக்கு மேல் வருகிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பாதி, இங்கேயே புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் மீதி.

இதுவரை எல்லாம் பாஸ்டர் கையில்தான். காணிக்கை எண்ணுவது, யாருக்கு உதவி செய்வது, யார் ஞானஸ்நானத்துக்குத் தயார் என்று பார்ப்பது, பாட்டு நடத்துவது யார் என்பது வரை. அவர் நேர்மையானவர், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அவரேதான் போன வாரம் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "எனக்கு வயசாகுது, நான் இல்லாட்டியும் சபை நடக்கணும், அதுக்கு ஒரு ஒழுங்கு எழுதிக் கொண்டு வாங்க" என்று சொன்னார். இடம் வாங்கும் பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை யார் பெயரில் பதிவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

எனக்குத் தெரிய வேண்டியது: யாரை அங்கத்தினர் என்று எழுதுவது? தொடர்ந்து வருகிற எல்லாரையுமா, ஞானஸ்நானம் எடுத்தவர்களை மட்டுமா? மூப்பர்களை ஓட்டுப் போட்டுத் தெரிந்தெடுப்பதா, பாஸ்டர் நியமிப்பதா? பாஸ்டருக்கும் மூப்பர்களுக்கும் ஒத்துவராமல் போனால் என்ன செய்வது? வேறு வேறு சபைகளில் எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வசனம் மட்டும் அனுப்ப வேண்டாம், நடைமுறையையும் எழுதுங்கள்.

---

பொருநைக்கரை எழுதியது:

தம்பி, நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் கமிட்டியில் இருந்திருக்கிறேன். உங்கள் சபைக்கு எங்கள் முறை அப்படியே பொருந்தாது, ஆனால் எது வேலை செய்கிறது, எங்கே இடிக்கிறது என்று சொல்ல முடியும்.

எங்களுக்கு அங்கத்தினர் என்பது இரண்டு படி. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவுடன் பெயர் ரிஜிஸ்டரில் ஏறிவிடும். பிள்ளை வளர்ந்து, வகுப்புக்குப் போய், பேராயர் (பிஷப்) கை வைத்துத் திடப்படுத்தல் முடிந்த பிறகுதான் நற்கருணை வாங்குகிற முழு அங்கம். சபைக் காரியத்தில் ஓட்டுப் போடவோ கமிட்டிக்கு நிற்கவோ இந்த இரண்டாவது படியில் இருக்க வேண்டும், வயது வந்திருக்க வேண்டும், சங்கக் காணிக்கை (அங்கத்தினர் சபைக்குக் கட்டும் சந்தா, சுருக்கமாகச் சங்கம்) பாக்கி இருக்கக்கூடாது. விவரம் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் கொஞ்சம் மாறும். ஒரு ஊர்ச் சபையை அன்றாடம் பார்ப்பவர் சபை ஊழியர், அப்படிப் பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது சேகரம், அதற்கு ஒரு ஐயர் (குருப்பட்டம் பெற்ற போதகர்), எல்லாச் சேகரங்களும் சேர்ந்தது திருமண்டலம், அதற்குப் பேராயர்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, ஐயரை நாங்கள் தெரிந்தெடுப்பதில்லை. பேராயர் அனுப்புகிறார், சில வருஷத்தில் மாற்றுகிறார். கமிட்டியை ஐயர் தெரிந்தெடுப்பதில்லை, சபை தெரிந்தெடுக்கிறது. ஆக ஒரு பாதி அதிகாரம் மேலிருந்து வருகிறது, மறு பாதி கீழிருந்து வருகிறது, இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இது சும்மா வந்த ஏற்பாடு இல்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் ஐக்கியமாகி சிஎஸ்ஐ உருவானபோது, பேராயர் வேண்டும் என்ற ஆங்கிலிக்கன்களும், மூப்பர்களோடு சேர்ந்து நடத்திப் பழகிய பிரஸ்பிட்டேரியன்களும், சபையே முடிவெடுக்க வேண்டும் என்று வளர்ந்த மதுரைப் பக்கத்துக் காங்கிரிகேஷனல்காரர்களும், மெதடிஸ்டுகளும் பல வருஷம் பேசிப் பேசி இதற்கு வந்து சேர்ந்தார்கள். அதனால் ஒருவருக்கொருவர் கடிவாளம் போட்டுக்கொள்ளும் அமைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

இடிக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். திருமண்டலத்துக்குக் கீழே பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி, அதில் வேலை நியமனம் எல்லாம் இருக்கிறது. அதனால் திருமண்டலத் தேர்தல் வந்தால் அணி அணியாகப் பிரிந்து நிற்கிறோம், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போகிறது. அந்த நேரத்தில் அங்கத்தினர் பட்டியல் என்பது வாக்காளர் பட்டியலாக மட்டும் ஆகிவிடுகிறது. யார் பெயரைச் சேர்ப்பது, யார் பெயரை நீக்குவது என்பதே சண்டை. வருஷம் முழுக்க யாரும் போய்ப் பார்க்காத குடும்பத்தைத் தேர்தலுக்கு முந்தின மாதம் தேடிப் போவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கும்.

பாளையங்கோட்டையில் 1780இல் முதல் சபைப் பதிவேடு எழுதியபோது அதில் இருந்தது வெறும் 40 பெயர். கிளாரிந்தா என்ற பிராமண விதவை அம்மையார் கட்டிய சபை அது. இவர்களெல்லாம் நம்முடைய பொறுப்பு என்று சொல்லத்தான் அந்தப் பெயர்களை எழுதி வைத்தார்கள். உங்கள் பட்டியலையும் அந்த எண்ணத்தோடு ஆரம்பியுங்கள். ஒரு விதி கட்டாயம் போடுங்கள்: காணிக்கை பாக்கி என்ற காரணத்துக்காக யார் பெயரையும் நீக்கக்கூடாது, வேறு எந்தக் காரணமானாலும் இரண்டு பேர் வீடு தேடிப்போய்ப் பேசாமல் நீக்கக்கூடாது. எங்களுக்கு சங்கம் பாக்கி கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்து நின்ற கதைகள் உண்டு. துக்க வீட்டில் கணக்கு நோட்டு எடுக்கிற நிலைமை எந்தச் சபைக்கும் வரக்கூடாது.

---

அப்பமும்_வசனமும் எழுதியது:

நாங்கள் பிரதரன் சபை. எங்களிடம் சம்பளம் வாங்கும் பாஸ்டர் ஒருவர் தலைமையில் இருப்பதில்லை, மூப்பர்கள் சேர்ந்து நடத்துகிறோம். அப்போஸ்தலர் 14:23இல் பவுலும் பர்னபாவும் சபைகள்தோறும் மூப்பர்களை ஏற்படுத்துகிறார்கள், ஒரு சபைக்கு ஒருவர் என்று அங்கே இல்லை. நம் தமிழ்நாட்டில் இதற்குப் பழைய வேர் உண்டு. திருநெல்வேலி மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்து, பிரதரன் இயக்க முன்னோடி ஆன்டனி நாரிஸ் குரோவ்ஸோடு பழகிய அருளப்பன் என்பவர், 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்து, கிறிஸ்தியான்பேட்டையில் விசுவாசிகளைக் கூட்டி ஒரு கிராமமாகவே வாழ்ந்து காட்டினார்.

மூப்பரை நாங்கள் ஓட்டுப் போட்டு எடுப்பதில்லை. ஒருவர் ஏற்கெனவே மூப்பருடைய வேலையைச் செய்துகொண்டிருக்கிறாரா என்று பார்க்கிறோம். வியாதிப்பட்டவர்களைப் பார்க்கப் போகிறாரா, வசனம் சொல்லிக் கொடுக்கிறாரா, வீட்டில் மனைவி பிள்ளைகளோடு எப்படி இருக்கிறார், வெளியில் வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கிறாரா. 1 தீமோத்தேயு 3ஐயும் தீத்து 1ஐயும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிற மூப்பர்கள் பேசுவார்கள், அப்புறம் பெயரைச் சபையில் அறிவித்துச் சில வாரம் காத்திருப்போம். யாருக்காவது நியாயமான தடை இருந்தால் மூப்பர்களிடம் வந்து சொல்லலாம். தடை இல்லையென்றால் சபைக்கு முன்னால் ஜெபம் செய்து ஏற்றுக்கொள்வோம். பிரசாரம் செய்ய இடமே இல்லை, அதனால் அணி பிரிவதும் குறைவு.

குறையும் இருக்கிறது. எங்களில் பல இடங்களில் மூப்பருக்குக் கால வரம்பு கிடையாது. தொண்ணூறு வயதிலும் அவரே மூப்பர், நாற்பது வயதுக்காரர்கள் வாய்ப்பில்லாமல் வேறு சபைக்குப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு சபையும் தனித்தனி என்பதால், மூப்பர்களே தவறினால் போய் முறையிட மேலே ஆள் இல்லை. சுயாதீன சபையான உங்களுக்கும் இதே பிரச்சினை வரும், அதனால் சொல்கிறேன், உங்கள் சட்டதிட்டத்திலேயே வெளிச்சபைப் போதகர்கள் இரண்டு மூன்று பேரைப் பெயர் சொல்லி எழுதி, பாஸ்டருக்கும் மூப்பர்களுக்கும் சண்டை வந்தால் இவர்கள் வந்து கேட்பார்கள், இவர்கள் சொல்வதை இரண்டு பக்கமும் ஏற்கும் என்று இப்போதே கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சண்டை வந்த பிறகு யாரைக் கூப்பிடுவது என்பதே அடுத்த சண்டையாகிவிடும்.

இன்னொன்று, 1 தீமோத்தேயு 5:19. மூப்பர் மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு புகாரை அமுக்குகிறவர்கள் உண்டு. அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள், பாவம் செய்தவரை எல்லார் முன்பாகவும் கடிந்துகொள்ளச் சொல்கிறது. இரண்டையும் உங்கள் விதியில் எழுதுங்கள். பிள்ளைகளோ பெண்களோ சம்பந்தப்பட்ட புகார் என்றால் சபைக்குள் பஞ்சாயத்துப் பேசக்கூடாது, நேராகச் சட்டப்படி போக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ என்கிற குழந்தைகள் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டப்படி, விஷயம் தெரிந்தவர்கள் புகார் செய்தே ஆக வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, சபைகளுக்கும் டிரஸ்டுகளுக்கும் கணக்கு பார்த்திருக்கிறேன். ஆவிக்குரிய விஷயத்தை மற்றவர்கள் சொல்லட்டும், நான் காகித விஷயம் சொல்கிறேன்.

இடத்தைப் பாஸ்டர் பெயரில் பதியாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அவர் பெயரில் பதிந்தால் சட்டத்தின் கண்ணில் அது அவருடைய சொத்து, அவருக்குப் பிறகு வாரிசுகளுக்குப் போகும். பிள்ளைகளில் ஒருவர் சம்மதிக்கவில்லை என்றால் சபை வெளியில் நிற்கும். அவர் நேர்மையானவர் என்பதால்தான் இந்தச் சுமையை அவர் குடும்பத்தின் தலையில் வைக்கக்கூடாது என்கிறேன். சிஎஸ்ஐ ஐக்கியமான 1947லேயே சொத்துகளை வைத்திருக்க சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் என்று தனியாக ஒரு அமைப்பைப் பதிவு செய்தது இந்தக் காரணத்துக்குத்தான், ஐயர் மாறினாலும் பேராயர் மாறினாலும் சொத்து யார் கைக்கும் போகாது.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது, டிரஸ்ட் அல்லது சங்கப் பதிவு. டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து முடித்துவிடலாம், சுலபம், ஆனால் அதிகாரம் முழுக்க டிரஸ்டிகளிடம். பத்திரத்தில் எழுதாவிட்டால் சபை மக்களுக்கு அவர்களை மாற்ற வழி கிடையாது, சிவில் நடைமுறைச் சட்டம் 92வது பிரிவில் இரண்டு பேர் சேர்ந்து கோர்ட் அனுமதி வாங்கி வழக்குப் போடும் அளவுக்குத்தான் போக முடியும். டிரஸ்டிகளாகப் பாஸ்டர், அவர் மனைவி, மகன் என்று மூன்று பேரைப் போட்டுப் பதிந்த பத்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர்ப் பலகையில் சபை, பத்திரத்தில் குடும்பம்.

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. குறைந்தது 7 பேர் வேண்டும், நிர்வாகக் குழு 3 வருஷத்துக்கு மேல் தொடர முடியாது, மறுபடி தெரிந்தெடுக்க வேண்டும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும், உறுப்பினர் பதிவேடு வைக்க வேண்டும், பதிவாளருக்கு அறிக்கை போட வேண்டும். வேலை அதிகம்தான். ஆனால் நீங்கள் கேட்கிற ஒழுங்கில் பாதியைச் சட்டமே உங்களைச் செய்ய வைத்துவிடும். என் மனசுக்கு உங்கள் நிலைமைக்கு இதுதான் சரி. அங்கத்தினர் யார் என்ற உங்கள் முதல் கேள்விக்கு அப்போது சட்டப்படியும் ஒரு பதில் வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்தப் பதிவேட்டில் இருப்பவர்தான் பொதுக்குழுவில் கை தூக்குவார்.

காணிக்கையை ஒருபோதும் ஒருவர் தனியாக எண்ண வேண்டாம். ஆராதனை முடிந்தவுடனே, உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர், சபை ஹாலிலேயே எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்டுங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பவுலே 2 கொரிந்தியர் 8இல் காணிக்கைப் பணத்தைக் கொண்டுபோக சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட வைத்துக்கொள்கிறார், யாரும் குறை சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று.

மனை வாங்கும் முன் இன்னொரு விஷயம், வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். அது கிடைக்கிற இடமா என்று முதலில் விசாரியுங்கள், அட்வான்ஸ் கொடுத்த பிறகு விசாரிக்காதீர்கள்.

---

திருப்பூர்_விசுவாசி எழுதியது:

நன்றி அண்ணன்மாரே, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. பாஸ்டருக்கு இதை அப்படியே காட்டப் போகிறேன்.

இரண்டு சந்தேகம் இருக்கிறது. தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் சிலர் சின்ன வயதில் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் முடிந்து வந்தவர்கள். எங்கள் சபையில் முழுக்கு ஞானஸ்நானம்தான். அவர்கள் பல வருஷமாக எங்களோடு இருக்கிறார்கள், உழைக்கிறார்கள், ஆனால் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க மனசு ஒப்பவில்லை, ஊரில் அப்பா அம்மா வருத்தப்படுவார்கள் என்கிறார்கள். பொண்ணு கல்யாணத்துக்கு ஊர்ச் சபையில்தான் ஓலை வாசிக்க (ஆராதனையில் திருமண அறிவிப்புச் செய்ய) வேண்டும் என்பதால் அங்கே சங்கமும் கட்டி வருகிறார்கள். இவர்களை எப்படிப் பதிவது?

இரண்டாவது, எங்கள் சபையில் முக்கால்வாசி வேலையைச் சகோதரிகள்தான் செய்கிறார்கள். குழுவில் அவர்களைச் சேர்ப்பதற்கு ஒரு சிலர் முணுமுணுக்கிறார்கள்.

---

சாராளின்_மகள் எழுதியது:

இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் சிஎஸ்ஐயில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்கு வந்தவள், இரண்டையும் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். சிஎஸ்ஐயில் பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு, 2013இல் நந்தியாலில் புஷ்ப லலிதா அம்மா பேராயராகவே ஆனார். அதற்காக ஊர்ச் சபைகளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் கமிட்டியில் பெண்கள் உட்கார்ந்தால் கேட்கப்படுகிற கேள்வியே வேறு. கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற கூட்டத்தில், புருஷன் குடித்துவிட்டு அடிக்கிற வீட்டைப் பற்றிப் பேச அங்கே ஒரு பெண் இருந்தால்தான் முடியும். அந்த வீட்டுப் பெண் ஆண் மூப்பரிடம் வந்து சொல்ல மாட்டாள்.

உங்கள் சபை மூப்பர் பதவி ஆண்களுக்குத்தான் என்று நம்பினால் அது உங்கள் போதனை, அதை இங்கே வாதாட வரவில்லை. ஆனால் உதவிக்காரர் (டீக்கன்) குழுவில் பெண்களைச் சேர்க்க என்ன தடை? ரோமர் 16இல் பெபேயாள் கெங்கிரேயா சபைக்கு ஊழியக்காரி, பவுல் அவரைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்து அனுப்புகிறார். கணக்குப் பார்க்கும் குழு, உதவி கொடுக்கும் குழு, பிள்ளைகள் பாதுகாப்பு, இந்த மூன்றிலும் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கட்டும், முணுமுணுக்கிறவர்கள் ஒரு வருஷத்தில் அடங்கிவிடுவார்கள்.

முதல் கேள்விக்கு என் யோசனை, இரண்டு பட்டியல் வையுங்கள். ஒன்று சபைக் குடும்பப் பட்டியல். தொடர்ந்து வருகிற எல்லாரும், எங்கே ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், இன்னும் பெறாதவர்களும், அதில் இருக்கட்டும். வீடு சந்திப்பு, ஜெபம், உதவி, ஆஸ்பத்திரி, பிள்ளை படிப்பு, அடக்க ஆராதனை எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே மாதிரி. இன்னொன்று உடன்படிக்கை அங்கத்தினர் பட்டியல், உங்கள் போதனைப்படி ஞானஸ்நானம் பெற்று, சபை ஒழுங்குக்குச் சம்மதித்தவர்கள். பொதுக்குழுவில் முடிவெடுப்பதும் மூப்பராக நிற்பதும் இவர்களுக்கு. ஊர்ச் சபையோடு தொடர்பு வைத்திருக்கிறவர்களை வற்புறுத்தாதீர்கள், கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுக்க வைத்தால் அது யாருக்கும் நல்லதில்லை.

அப்போஸ்தலர் 6ஐ உட்கார்ந்து ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். சபையில் முதல் நிர்வாகக் குழு எதற்கு வந்தது? சில விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு போய்ச் சேரவில்லை, அவர்கள் வேறு பாஷை பேசுகிறவர்கள். அப்போஸ்தலர்கள் தாங்களே ஆளைப் போடாமல், நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்று சபையிடம் விட்டார்கள். அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர், அதாவது யார் விட்டுப்போனார்களோ அந்தப் பக்கத்து ஆட்களே பொறுப்புக்கு வந்தார்கள். உங்கள் சபையில் விட்டுப்போகிறவர்கள் யார்? புதிதாக வந்தவர்களா, கம்பெனி ஷிப்டால் ஞாயிறு வர முடியாதவர்களா, ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தமிழ் தெரியாமல் கடைசி வரிசையில் உட்காருகிறவர்களா? திருப்பூரில் அப்படி நிறைய பேர் இருப்பார்களே. அவர்களிலிருந்து ஒருவர் குழுவில் இருக்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கல்யாணம் என்று வந்ததால் ஒன்று சேர்த்துவிடுகிறேன். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872இன் கீழ் உங்கள் பாஸ்டர் கல்யாணம் நடத்த அரசு உரிமம் இருக்க வேண்டும். பேராயர் கையால் குருப்பட்டம் பெற்றவர்களுக்கு அது தேவையில்லை, சுயாதீன சபைப் போதகருக்குத் தேவை. உரிமம் இல்லாமல் நடத்திய கல்யாணத்துக்கு அப்புறம் சான்றிதழ் தேடி அலைகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பாஸ்போர்ட், விசா என்று போகும்போதுதான் தெரியவரும். உங்கள் பாஸ்டரிடம் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

---

பொருநைக்கரை எழுதியது:

சாராளின் மகள் சொன்ன இரண்டு பட்டியல் யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. அடுத்த பாஸ்டரைப் பற்றி யாரும் பேசவில்லை, அதையும் எழுதிவிடுங்கள். மகன் வரக்கூடாது என்று எழுத வேண்டியதில்லை, மகன் என்ற ஒரே காரணத்துக்காகப் பதவிக்கு வந்துவிடக்கூடாது என்று எழுதுங்கள். இருக்கிற பாஸ்டர் ஒரு பெயரைச் சொல்லலாம், மூப்பர்கள் விசாரிக்க வேண்டும், உடன்படிக்கை அங்கத்தினர்களில் முக்கால் பங்கு ரகசிய ஓட்டில் சம்மதிக்க வேண்டும். ஓய்வு வயதும் போடுங்கள். ஓய்வு பெறுகிற பாஸ்டருக்கு வீடும் மாதாந்தரத் தொகையும் என்ன என்று அதே பக்கத்தில் எழுதுங்கள், இதை விட்டுவிடாதீர்கள். பல சுயாதீனப் போதகர்கள் எழுபத்தைந்து வயதிலும் பிரசங்க பீடத்தை விடாததற்குக் காரணம் பதவி ஆசை இல்லை தம்பி, இறங்கினால் எங்கே குடியிருப்பது என்று தெரியாததுதான். வாழ்நாள் முழுக்க உழைத்தவர் வாடகை வீடு தேடி அலையாதபடி சபை முதலில் பார்த்துக்கொண்டால், அவரே சந்தோஷமாகப் பொறுப்பை ஒப்படைப்பார்.

---

திருப்பூர்_விசுவாசி எழுதியது:

அண்ணே, கடைசியாகச் சொன்னதைப் பாஸ்டரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை நானா கேக்க முடியாம இருந்தேன், நீங்களே எழுதுங்க" என்றார்.

இப்போதைக்கு முடிவு செய்தது இவ்வளவு. சங்கமாகப் பதிவு செய்கிறோம், இடம் சங்கத்தின் பெயரில்தான். இரண்டு பட்டியல் வைக்கிறோம். ஒடியா பேசுகிற குடும்பங்களிலிருந்து ஒரு சகோதரரை உதவிக்காரர் குழுவுக்குக் கேட்டிருக்கிறோம், அவர் மனைவியும் சேர்ந்து வந்தால் நல்லது என்று பாஸ்டர் அம்மாவே சொன்னார்கள். வருகிற ஞாயிறு முதல் காணிக்கையை ஹாலிலேயே இரண்டு பேர் எண்ணுகிறோம். மூப்பர் காலம் மூன்று வருஷம், தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் கிடையாது என்று எழுதியிருக்கிறோம், இதில் பெரியவர்கள் இரண்டு பேருக்கு இன்னும் மனசு வரவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். திருமண உரிமம் பாஸ்டரிடம் இல்லை, விண்ணப்பிக்கப் போகிறார். அது வரும் வரைக்கும் கல்யாணங்களுக்கு உரிமம் உள்ள பக்கத்துச் சபைப் போதகரைக் கூப்பிடுவதாக முடிவு. வெளிச்சபைப் போதகர்கள் இருவரிடம் பேசியிருக்கிறோம், ஒருவர் சம்மதித்துவிட்டார். சட்டதிட்டத்தின் நகல் தயாரானதும் இங்கே போடுகிறேன், ஓட்டை எங்கே இருக்கிறது என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.